நேரில் பார்த்தவர் சொன்னாராம்!

கோட்டை கட்டிக்கொள்ள இடம் கேட்டார் ஒருவர். கேட்டவர் சாதாரண ஆள் இல்லை. கோவாவில் உட்கார்ந்துகொண்டு அரபிக்கடலையே தன் வீட்டுக் கொல்லைக் குளமாக நினைத்துக்கொண்டிருந்த போர்ச்சுகீசிய கவர்னர் அல்புகர்க். கேட்ட இடம் டையூ. கேட்கப்பட்டவர் குஜராத் சுல்தான் இரண்டாம் முசாஃபர் ஷா. வருஷம் 1514. சுல்தான் மரியாதை தெரிந்தவர். முகத்தில் அடித்தாற்போல 'முடியாது' என்று சொல்லவில்லை. கோட்டைக்குப் பதிலாக ஒரு காண்டாமிருகத்தைக் கொடுத்தனுப்பிவிட்டார்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டு லோன் கேட்டுப் போனவர் கையில் பாங்க் மேனேஜர் ஒரு காலண்டரைச் சுருட்டிக் கொடுத்த கதை. காலண்டரையாவது சுவரில் மாட்டலாம். காண்டாமிருகத்தை என்ன செய்ய? எல்லா அதிகாரிகளும் செய்வதையே அல்புகர்க்கும் செய்தார். மேலிடத்துக்குத் தள்ளிவிட்டார்.

கப்பலேறிய காண்டாமிருகம் 1515 மே 20 அன்று லிஸ்பனில் இறங்கியது. ரோமானியர் காலத்துக்குப் பிறகு ஐரோப்பா உயிரோடு பார்த்த முதல் காண்டாமிருகம் அதுதான். மன்னர் மானுவல் படித்தவர். பிரச்சினையே அங்கேதான் ஆரம்பம். யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் ஜென்மப் பகை என்று பழைய ரோமானியப் பண்டிதர் பிளினி எழுதிவைத்திருந்தார். 'டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிடுவோம்' என்று ஒரு இளம் யானையைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தினார் மன்னர். சுற்றிலும் ஜனக்கூட்டம், ஒரே கூச்சல். யானை நிலவரத்தைப் பார்த்தது. திரும்பி ஒரே ஓட்டம். பிளினி சொன்னது சரிதான் என்று ஊரே தலையாட்டியது. பயந்தது மிருகத்தைப் பார்த்தா, மனுஷர்களைப் பார்த்தா என்று யானையை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை.

இனிதான் நம் கதாநாயகர் வருகிறார். ஆல்பிரெக்ட் டியூரர். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்துக்காரர், அந்தக் காலத்தின் சூப்பர் ஸ்டார் ஓவியர். லிஸ்பனிலிருந்து வந்த ஒரு கடிதமும், யாரோ கிறுக்கிய ஒரு படமும் அவர் கைக்குக் கிடைத்தன. அவ்வளவுதான். காண்டாமிருகத்தின் வால் நுனியைக்கூட அவர் பார்த்ததில்லை. உங்களையும் என்னையும் போன்றவர்கள் இந்த நிலையில் என்ன செய்வோம்? பேசாமல் இருந்துவிடுவோம். மேதைகளுக்கு அந்த வசதி கிடையாது. மரக்கட்டையில் செதுக்கி, அச்சடித்து, விற்பனைக்கே அனுப்பிவிட்டார்.

அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உடம்பெல்லாம் இரும்புக் கவசம், கவசத்தின் ஓரங்களில் ஆணி அடித்த மாதிரி புள்ளிகள், காலில் செதில். மிருகம் காட்டிலிருந்து வந்ததா, கொல்லன் பட்டறையிலிருந்து வந்ததா என்று சந்தேகமாக இருக்கும். இதெல்லாம் போதாதென்று பிடரியில் திருகுதிருகாக ஒரு சின்னக் கொம்பு வேறு! எந்த ஊர்க் காண்டாமிருகத்துக்கும் அந்த இடத்தில் கொம்பு கிடையாது. டியூரர் போனஸாகக் கொடுத்தது. படத்தின் மேலே ஜம்பமாக ஒரு விளக்கமும் உண்டு. மிருகத்தின் முழு உருவமும் இதுதான் என்று. அதே விளக்கத்தில் அது வந்து சேர்ந்த வருஷத்தை 1513 என்று போட்டிருக்கிறார்.

இதில் இன்னொரு வேடிக்கை. அதே வருஷம், பக்கத்து ஊரான ஆக்ஸ்பர்கில் ஹான்ஸ் புர்க்மைர் என்ற ஓவியரும் அதே காண்டாமிருகத்தை வரைந்தார். அவரும் பார்த்ததில்லைதான். ஆனால் மனிதர் அடக்கமானவர். கவசம் மாட்டவில்லை, பிடரியில் கொம்பு முளைக்கவிடவில்லை. நிஜத்துக்கு எவ்வளவோ நெருக்கமான படம். விளைவு? புர்க்மைரின் அச்சுப் பிரதி உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. டியூரருடையதோ ஆயிரக்கணக்கில் விற்று, இருநூறு வருஷங்களுக்கு மேல் ஐரோப்பாவின் அதிகாரபூர்வக் காண்டாமிருகமாகப் பதவி வகித்தது. ஃபாக்ட் செக் செய்தவனை எவன் ஃபாலோ செய்திருக்கிறான்?

(அசல் காண்டாமிருகத்தின் கதி சோகம். மானுவல் அதைப் போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பினார்; பரிசாக வந்ததைப் பரிசாகத் தள்ளிவிடும் பழக்கம் நம் கல்யாண வீடுகளில் பிறந்ததல்ல. இத்தாலிக் கரையோரம் கப்பல் கவிழ்ந்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் நீந்த முடியாமல் மூழ்கிப்போயிற்று.)

டியூரராவது 'நேரில் பார்த்தேன்' என்று சத்தியம் செய்யவில்லை. சத்தியம் செய்தவர் வேறொருவர் இருக்கிறார். சாமுவேல் ஃபல்லூர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் சிப்பாய். இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவில், 1700களின் தொடக்கத்தில், அங்கே வலையில் விழுந்த மீன்களையெல்லாம் உட்கார்ந்து வரைந்தார். வரைந்தார் என்பதைவிட அலங்காரம் பண்ணினார் என்று சொல்லலாம். பவளப்பாறை மீன்களுக்கு இயற்கை ஏற்கெனவே தாராளமாகப் பெயின்ட் அடித்திருக்கிறது. ஃபல்லூருக்கு அது போதவில்லை. மீனின் விலாவில் சூரியன், சந்திரன், மனித முகம் என்று தன் கைவரிசையையும் காட்டினார். மீனா, தீபாவளி வாழ்த்து அட்டையா என்று கேட்கத் தோன்றும்.

இந்தப் படங்களை 1719 வாக்கில் ஆம்ஸ்டர்டாமில் லூயி ரெனார் என்பவர் புத்தகமாகப் போட்டார். ரெனார் புத்தக வியாபாரி. சைடில் பிரிட்டிஷ் அரசருக்கு ஒற்றர். கற்பனை மீன்களை வெளியிட இதைவிடப் பொருத்தமான ஆள் எங்கே கிடைப்பார்? நூறு பக்கப் படங்கள், நானூற்றுச் சொச்சம் உருவங்கள், எல்லாம் கையால் வண்ணம் தீட்டியவை. யாராவது சந்தேகப்பட்டால்? அதற்கும் ஏற்பாடு உண்டு. 'இவையெல்லாம் நிஜம்' என்று பெரிய மனிதர்கள் கொடுத்த நற்சாட்சிப் பத்திரங்களையும் புத்தகத்தில் அச்சடித்திருந்தார்.

அதில் ஒரு மீனுக்குக் கால் இருந்தது. ஃபல்லூர் அதை மூன்று நாள் வீட்டில் வளர்த்தாராம். நாய்க்குட்டி மாதிரி அவர் பின்னாலேயே சுற்றி வந்ததாம். கேட்பதற்கு ஆசையாக இருக்கிறது, இல்லையா? சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். துடுப்புகளைக் கால் மாதிரி ஊன்றி, கடலடியில் நடக்கிற தவளைமீன் என்று நிஜமாகவே ஒன்று இருக்கிறது. ஃபல்லூர் வரைந்தது அதைத்தான். அதாவது கால் உண்மை. நடை உண்மை. நாய்க்குட்டிப் பாசம்தான் கொஞ்சம் ஓவர்.

ஆனால் மனிதர் கிளைமாக்ஸுக்கு வைத்திருந்தது ஒரு கடல்கன்னி. நீளம் 59 அங்குலம். தொட்டித் தண்ணீரில் நான்கு நாளும் ஏழு மணி நேரமும் உயிரோடு இருந்ததாம். அந்த ஏழு மணி நேரத்தைக் கவனித்தீர்களா? வெறுமனே 'நாலைந்து நாள்' என்றால் புளுகு என்று தெரிந்துவிடும். கூட ஏழு மணி நேரம் சேர்த்தால் சயின்ஸ் ஆகிவிடும். அவ்வப்போது சுண்டெலி மாதிரி கீச்சிட்டதாம். மீன் போட்டும் நண்டு போட்டும் தொடவில்லையாம். செத்த பிறகு தொட்டியில் பூனையின் கழிவு போல ஏதோ கிடந்ததாம். உலக இலக்கியத்தில் எத்தனையோ கடல்கன்னிகள் பாடியிருக்கிறார்கள், மயக்கியிருக்கிறார்கள், மாலுமிகளைக் கவிழ்த்திருக்கிறார்கள். கக்கூஸ் ரிப்போர்ட்டோடு வந்தவள் இவள் ஒருத்திதான்.

பின்னாளில் அமெரிக்க மீனியலாளர் தியோடர் பீட்ச் பொறுமையாக உட்கார்ந்து இந்தப் படங்களை நிஜ மீன்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பெரும்பாலானவற்றை 'இது இந்த மீன்' என்று அடையாளம் சொல்ல முடிந்தது. முழுப் புளுகு கொஞ்சம்தான். ஃபல்லூர் பொய்யர் இல்லை. சம்பளம் போதாத கலைஞர்.

சிப்பாயை விடுங்கள், பண்டிதர்கள் எப்படி என்கிறீர்களா? சூரிக் நகரத்து கான்ராட் கெஸ்னர் 1551 முதல் 1558 வரை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் விலங்குகளின் வரலாறு எழுதினார். பிரம்மாண்டமான படிப்பு. அதற்குள் 'பிஷப் மீன்' என்று ஒன்று நிற்கிறது. செதிலே அங்கி, தலையில் பிஷப்பின் கூம்புத் தொப்பி. போலந்து அரசரிடம் அதைக் கொண்டு போனார்களாம். அது அங்கிருந்த நிஜ பிஷப்புகளிடம் 'என்னை விட்டுவிடுங்கள்' என்று ஜாடை காட்டியதாம். விட்டதும் சிலுவைக் குறி போட்டுவிட்டுக் கடலில் குதித்ததாம். கெஸ்னர் இதை நம்பினாரா? அவர் கெட்டிக்காரர். யார் சொன்னது, யார் படம் கொடுத்தது என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுவார். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் 'வந்ததை அப்படியே அனுப்புகிறேன்' என்று போடுகிறார்களே, அதற்கு மூலவர் இவர்தான். டியூரரின் காண்டாமிருகத்தையும் அப்படியே காப்பி அடித்துச் சேர்த்திருக்கிறார், பிடரிக் கொம்பு உட்பட.

இந்தக் கூத்தையெல்லாம் நிறுத்த ஒருவர் புறப்பட்டார். கார்ல் லின்னேயஸ். உயிரினங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்த ஸ்வீடன்காரர். தன் வாழ்க்கை வரலாற்றைத் தானே, 'அவர்' என்று படர்க்கையில், ஒரு தடவை அல்ல, பல தடவை எழுதி, தன்னைவிடப் பெரிய தாவரவியலாளர் இருந்ததில்லை என்று தன் கையாலேயே சான்றிதழ் கொடுத்துக்கொண்டவர். தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கிறவர்கள் இவர் படத்தை மாட்டிக்கொள்ளலாம்.

1735-ல், இருபத்தேழு வயதில், ஹாம்பர்க் நகருக்கு வந்தார். அங்கே நகரத் தலைவர் வசம் ஒரு ஹைட்ரா இருந்தது. பாடம் செய்த ஏழுதலை நாகம்! ஒரு காலத்தில் பிராக் நகரத்துத் தேவாலயத்திலிருந்து படையெடுத்து வந்த ஸ்வீடன்காரர்கள் சுருட்டிக்கொண்டு வந்த சரக்கு. ஆம்ஸ்டர்டாம் மருந்து வியாபாரி செபா தன் பிரபலமான படப் புத்தகத்தில் அதை வரைந்தே போட்டிருந்தார். அரசர்களே விலை பேசியதாகக் கேள்வி. லின்னேயஸ் கிட்டே போனார். ஏழு வாயையும் பார்த்தார். பல் என்னவோ மரநாய்ப் பல் மாதிரி இருந்தது. காலும் மரநாய்க்கால். மேலே பாம்புத் தோல், பசை போட்டு ஒட்டியது. நாற்பது வருஷ ஃபர்னிச்சர் கடை அனுபவம் உள்ளவர் போல ஒட்டுவேலையைக் கண்டுபிடித்துவிட்டார். 'கடவுள் ஒரு உடம்புக்கு ஏழு மூளை வைத்திருக்க மாட்டார்' என்ற ரீதியில் தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

நகரத் தலைவரோ அந்தச் சமயம் அதை விற்கப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். உண்மை வெளியே வந்த நிமிஷமே விலை பாதாளத்துக்குப் போனது. உண்மையைச் சொன்னவருக்கு ஹாம்பர்க் என்ன மரியாதை செய்தது? செய்வதற்கு முன்னாலேயே லின்னேயஸ் ஊரைக் காலி செய்துவிட்டார். உலகப் புகழ்பெற்ற அந்த மூளை, ஏழு தலைகளைவிட வேகமாக வேலை செய்தது.

அதே வருஷம் வெளிவந்த அவருடைய 'சிஸ்டமா நேச்சுரே'யில் புளுகு மிருகங்களுக்கென்றே தனியாக ஒரு கட்டம் ஒதுக்கினார். ஹைட்ரா, ஒற்றைக்கொம்புக் குதிரை, ஃபீனிக்ஸ் பறவை, டிராகன், மரத்தில் காய்க்கும் வாத்து. சபாஷ்! கூடவே இன்னொரு பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. கூழைக்கடா. ஆமாம், நம் கூழைக்கடாதான்! தொடையைக் கிழித்து ரத்தம் கொடுத்துக் குஞ்சுகளை வளர்க்கிறது என்று பழங்கதை சொன்னதால், பறவையையே சந்தேகக் கேஸில் உள்ளே தள்ளிவிட்டார். கூந்தன்குளத்துப் பையன் யாரையாவது கேட்டிருந்தால், மரத்தில் உட்கார்ந்திருப்பதைக் கைகாட்டியிருப்பான்.

சரி, கூழைக்கடாவை நம்பாதவர் வேறு எதையும் நம்பியிருக்க மாட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? 1758-ல் வந்த பத்தாம் பதிப்பில் மனித இனத்துக்கு ஒரு பங்காளியைச் சேர்த்தார். 'ஹோமோ டிராக்ளோடைட்ஸ்', குகை மனிதன். வெள்ளை வெளேர் என்று இருப்பானாம், ராத்திரியில்தான் நடமாடுவானாம், உஸ் உஸ் என்று பேசுவானாம். அதுகூடப் பரவாயில்லை. உலகம் தனக்காகவே படைக்கப்பட்டது என்றும், ஒரு நாள் திரும்பவும் தானே அதை ஆளப்போவதாகவும் அவன் நம்பிக்கொண்டிருக்கிறானாம். இந்த அடையாளத்தை வைத்துத் தேடினால் குகைவரை போக வேண்டியதில்லை.

இப்படிப் பொய்யை நம்பி நம்பிச் சூடுபட்ட ஐரோப்பா, நிஜம் வந்து நின்றபோது உஷாராகிவிட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு தோல் வந்தது. உடம்பு நீர்நாய், வாய் வாத்து. 1799-ல் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஜார்ஜ் ஷா அதைப் பதிவு செய்தபோது, தன் கண்ணையே நம்ப முடியவில்லை என்கிற தொனியில்தான் எழுதினார். அலகைத் தையல் போட்டு ஒட்டியிருக்கிறார்களோ என்று கத்தரிக்கோலால் சோதித்ததாகக்கூடச் சொல்வார்கள். பிளாட்டிபஸ்தான் அது. பாலூட்டியாக இருந்துகொண்டு முட்டையும் இடுமா என்ற சண்டை 1884 வரை ஓடியது. கடல்கன்னிக்குச் சில நற்சாட்சிப் பத்திரங்களே போதுமாக இருந்தன. பாவம், பிளாட்டிபஸுக்கு 85 வருஷம்.

இத்தனை பேரில் எனக்கு மிகவும் பிடித்தவர் கடைசியாக வருகிறார். கெரோல்ஃப் ஷ்டைனர், ஜெர்மன் விலங்கியலாளர். 1945. யுத்தத்தில் தோற்ற ஜெர்மனியில் புரொஃபசர்களுக்கும் பசிக்கும். ஒரு மாணவர் இவருக்குச் சாப்பாட்டுச் சாமான் கொடுத்து உதவினார். பதிலுக்குக் கொடுக்க இவரிடம் என்ன இருக்கிறது? ஒரு படம் வரைந்து கொடுத்தார். மூக்கால் நடக்கும் மிருகம். கிறிஸ்டியன் மார்கன்ஸ்டெர்ன் என்ற கவிஞர் 1905-ல் விளையாட்டாகப் பாடிவைத்த பிராணி அது. படம் ரொம்பப் பிடித்துப்போய், தனக்கும் ஒரு காப்பி போட்டு வைத்துக்கொண்டார் ஷ்டைனர். ஆபத்து அந்தக் காப்பியில்தான் இருந்தது.

மூக்கால் நடக்கிறதென்றால் மூக்குக்குள் தசை எப்படி இருக்கும்? நரம்பு எந்த வழியாகப் போகும்? முன்னோர் யார்? விலங்கியல் படித்தவருக்குச் சும்மா இருக்க முடியுமா? 1950களின் கடைசியில் 'ஹரால்ட் ஷ்டும்ப்கே' என்ற புனைபெயரில் ஒரு முழுப் பாடநூலே எழுதிவிட்டார். ரினோகிரேடன்ஷியா. நாம் மூக்குநடையான் என்று வைத்துக்கொள்வோம். 14 குடும்பங்கள், 189 இனங்கள், லத்தீன் பெயர்கள், குறுக்குவெட்டுப் படங்கள், துணைநூல் பட்டியல் எல்லாம் உண்டு. நான்கு மூக்கால் நடப்பது ஒன்று. ஒற்றை மூக்கை ஸ்பிரிங் ஆக்கிக் குதிப்பது ஒன்று. காதைச் சிறகாக்கிப் பின்பக்கமாகப் பறப்பது ஒன்று. மூக்கிலிருந்து சளியை நூல் நூலாகத் தண்ணீரில் தொங்கவிட்டு மீன்பிடிக்கும் ஒன்றும் உண்டு. சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்.

வேட்டைக் காட்சியைக் கேளுங்கள். வேட்டையாடுவதும் மூக்கால் நடக்கிறது, வேட்டையாடப்படுவதும் மூக்கால் நடக்கிறது. வேகம் எப்படி இருக்குமென்று சொல்லவே வேண்டாம். பிடிபடப்போகிற நிலையில் இரைப்பிராணி தன் நீண்ட வாலால் கிளையைப் பிடித்துத் தொங்கி, தரையோடு தரையாக வட்டமிட்டுச் சுற்றும். துரத்தி வந்த மிருகம் எட்டிப் பிடிக்கப் பார்த்து, தலைசுற்றி, வாந்தி எடுக்கும். அந்தக் கேப்பில் இது தப்பிவிடும். உயிரியலில் இதைவிட நேர்த்தியான தற்காப்பு முறையை இயற்கைகூட யோசிக்கவில்லை.

இந்த மிருகங்கள் வாழ்ந்தது பசிபிக்கில் ஹை-யை-யை தீவுக்கூட்டத்தில். 1941-ல் ஜப்பானியர் சிறையிலிருந்து தப்பி வந்த ஒரு ஸ்வீடன்காரர் கண்டுபிடித்தாராம். தீவுவாசிகளின் பெயரோ தும்மல் சத்தம் மாதிரியே இருக்கும். 'சரி, போய்ப் பார்க்கலாமா?' என்று யாராவது கிளம்பிவிட்டால் என்ன செய்வது? அதற்கும் வழி செய்திருந்தார். ரகசிய அணுகுண்டுச் சோதனையில் தவறு நடந்து தீவுகள் மொத்தமும் கடலில் மூழ்கிவிட்டன. அங்கே மாநாட்டுக்குக் கூடியிருந்த மூக்குநடையான் நிபுணர்கள் எல்லோரும் காலி, ஷ்டும்ப்கே உட்பட. இந்தத் துயரச் செய்தியைப் பின்னுரையில் சொன்னவர் யார் தெரியுமா? கெரோல்ஃப் ஷ்டைனர், சொந்தப் பெயரில்! தன் சாவுக்குத் தானே இரங்கல் எழுதி ராயல்டியும் வாங்கியிருக்கிறார்.

விஞ்ஞானிகள் கோபித்துக்கொண்டார்களா? மாட்டவே மாட்டார்கள். பிரெஞ்சுப் பதிப்புக்கு அந்நாட்டின் பெரிய விலங்கியலாளர் பியர்-போல் கிராஸே முன்னுரை எழுதினார். பரிணாமவியல் ஜாம்பவான் ஜார்ஜ் கேலார்ட் சிம்ப்சன் 1963-ல் 'சயின்ஸ்' இதழில், முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல், பெயர் வைத்த முறை சரியில்லை என்று குற்றம் கண்டுபிடித்து மதிப்புரை எழுதினார். 1967-ல் ஆங்கிலத்தில் வந்தபோது நம்பிவிட்ட வாசகர்களும் உண்டு. ஷ்டைனரின் படங்களில்தான் எலும்பு சரியான இடத்தில் இருந்தது, தசை சரியான இடத்தில் இருந்தது. மிருகம்தான் இல்லை. டியூரருக்கு நேர்மாறு.

ஜெர்மானியர்களுக்கு நகைச்சுவை வராது என்று யார் கிளப்பிவிட்டார்களோ. அங்கே மருத்துவ மாணவர்கள் வேதம் போல மதிக்கும் 'ப்ஷிரெம்பெல்' மருத்துவ அகராதி 1983-ல் 'கல்பேன்' என்ற பிராணியைச் சேர்த்தது. கல்லைத் தின்னும் பேன். நகைச்சுவையாளர் லோரியோ டிவியில் செய்த ஒரு கிண்டல் நிகழ்ச்சியிலிருந்து எடுத்தது. பிறகு பொறுப்பான யாரோ ஒருவர் 1994 பதிப்பில் அதை நீக்கினார். டாக்டர்கள் கொதித்துப்போய்விட்டார்கள். 1997-ல் பேன் திரும்பவும் பதவியேற்றது.

ஷ்டைனர் 2009-ல், 101 வயதில், இந்த முறை நிஜமாகவே, காலமானார். சுலவேசித் தீவின் மலைக்காட்டில் அகப்பட்ட ஒரு புது எலியைப் பற்றி 2015-ல் அறிவிப்பு வந்தது. பன்றிக்கு இருப்பது போலத் தட்டையான, இளஞ்சிவப்பு மூக்கு, நீளமான காது. கண்டுபிடித்தவர்கள் அதற்கு 'ஹையோரைனோமிஸ் ஷ்டும்ப்கேயி' என்று பெயர் வைத்தார்கள். பிறக்காமலேயே அணுகுண்டில் செத்துப்போன நிபுணர் ஷ்டும்ப்கேயின் நினைவாக! ஒரு குறை மட்டும் உண்டு. அந்த எலி காலால்தான் நடக்கிறது.